முசஃபாவில் விட்டுவந்த ஆட்டக்காரன்

எனக்கு இப்போதெல்லாம் வருடங்கள் குழம்பிப்போகின்றன. சிலவற்றை நானே பார்த்தேனா, பிறகு யாராவது சொல்லிக் கேட்டேனா என்பதும் உறுதியில்லை. ஆனாலும் நீங்கள் என்னிடம் கேட்டது சரிதான். கிளப்பை வாங்கப்போகிறவர்கள் அது ஏன் படுத்துவிட்டது என்று விசாரிக்கத்தான் வேண்டும். இத்தனை கோச்சுகள் வந்தும் இந்த அபுதாபி கூடைப்பந்து அணி ஏன் தேறவில்லை, நல்ல ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு உதவாதவர்களை ஏன் வாங்கிக்கொண்டது என்று கேட்கிறீர்கள். அந்தக் கோச்சுகள் எல்லோருக்கும் அசிஸ்டன்டாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரமே என்னைத் தனியாக அழைப்பார். "சிவசங்கரன், யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை விடலாம்?" நான் பொய் சொன்னதில்லை. அதிகம் கூடை போடாத ஒருவனின் பெயரைச் சொல்வேன். கணக்கைப் பார்த்தால் அவனை அனுப்புவது நியாயமாகவே தெரியும். ஆனால் எந்த அணியிலும் தடுத்து ஆடும்போது கத்திக்கொண்டே இருக்கிறவன், தோற்ற அன்று எல்லோரையும் பிரியாணிக்குக் கூட்டிப்போகிறவன் ஒருவன் இருப்பான். நான் சொல்வது அவன் பெயராக இருக்கும். அவன் போனபின் பையன்கள் ஒருவரோடொருவர் பேசுவது குறையும். பிறகு தோற்பார்கள். கோச்சை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்தவர் வந்து இறங்கும்வரை அணி என் கையில் இருக்கும்.

அந்த வாரங்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விசில் என் கழுத்தில் தொங்கும். பையன்கள் என் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். என் மனைவி தாமரை நல்ல புடவை கட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருவாள். பிறகு ஒரு நாள் யாரோ வெளிநாட்டுக்காரர் கோட்டும் சூட்டுமாக வருவார். நான் துண்டுகளை மடித்து வைக்கப் போவேன்.

மஹ்மூது மட்டும் வேறு மாதிரி. கெய்ரோக்காரர். என்னிடம் எதையும் கேட்கவில்லை. முதல் பயிற்சியைப் பார்த்துவிட்டு ஆல்டோவைக் கைகாட்டி, "இவன் இருந்தால் போதும்" என்றார். ஆல்டோ குறும்பனைக் கடற்கரைப் பையன். சர்ச் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவனை இங்கே கொண்டுவந்தவன் நான். மஹ்மூதுக்குத் தமிழ் தெரியாது, ஆல்டோவுக்கு அரபி தெரியாது. அவர்களுக்கு நடுவில் எப்போதும் நான்தான் பேசினேன். அந்த வருடம் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். மஹ்மூது போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கோடையில் அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து நாட்டுத் தம்மாம் நகரத்துக் கிளப் ஒன்று ஆல்டோவைக் கேட்டது. பதிலுக்கு ஒரு மிக உயரமான ஆட்டக்காரனைத் தருவதாகச் சொன்னது. அவனுடைய முழங்கால் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். எங்கள் முதலாளியான அர்பாபிடம் அவன் உயரத்தை மட்டும் சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார்.

ஆல்டோ என்னைத் தேடி வந்தான். அவன் மனைவி ஜெபிஷா இங்கே நர்ஸ்.

"அண்ணே, என்னைய தம்மாமுக்கு அனுப்பப் போறாவளாமே. ஜெபிஷாவுக்கு மாசம் நெருங்கிட்டு. ஆஸ்பத்திரி டூட்டிய விட்டுட்டு அவ எங்க வருவா?"

"போகமாட்டேன்னு சொல்லிடு."

"கோவப்படுவாவளே."

"நான் பேசிக்கிறேன்டா. நீ பிராக்டிசுக்கு வராம ரூம்லயே இரு. அப்பதான் உறைக்கும்."

அவன் சிரித்தான். "ஒங்கள நம்பித்தான் ஃப்ளைட்டு ஏறுனேன். பாதியில எறக்கி விட்டுராதீங்க, என்ன?"

இங்கே எங்கள் எல்லோருக்கும் அர்பாபின் ஏதோ ஒரு கம்பெனியில்தான் விசா. என்னுடையதில் ஸ்டோர் கீப்பர் என்றிருக்கும். ஆல்டோவுடையதில் வெல்டர் ஹெல்பர். யாரும் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆல்டோ வேலைக்கு வர மறுக்கிறான் என்று அர்பாபிடம் சொன்னேன். அவன் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினேன்.

"கலாஸ், முடிந்தது," என்றார். "அந்த வேலையையே பார்க்கட்டும்."

மறுநாள் கம்பெனி பஸ் அவனை முசஃபாவில் இருந்த இரும்பு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனது. தம்மாம்காரர்கள் எங்கள் அணியில் வேறொரு நல்ல ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டு அந்த உயரமானவனைத் தந்தார்கள். அவன் வந்த வாரமே முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

லீவு முடிந்து வந்த மஹ்மூது அர்பாபிடம் போய்க் கெஞ்சியிருக்கிறார். அர்பாபும் இறங்கிவந்தார். பையனைக் கூட்டிவா என்று எனக்கு போன் செய்தார். போனேன். ஆகஸ்ட் வெயில். தலையிலும் முகத்திலும் துணி சுற்றியிருந்ததால் ஆல்டோவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"கூட்டிட்டுப் போவ வந்தியளாண்ணே?" என்றான்.

ஒரு மோர் பாட்டிலை வாங்கிக் கொடுத்தேன். அவன் ஒரே மூச்சில் குடித்தான். இவன் வந்துவிட்டால் மஹ்மூது இன்னும் பல வருடங்கள் இருப்பார் என்பதைத் தவிர அப்போது வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோடா. அர்பாபுக்குக் கோபம் இன்னும் தணியல."

"ஜெபிஷாட்ட என்னண்ணே சொல்ல?"

"சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லு."

காருக்குத் திரும்பும்போது அவன் கையசைத்தான் என்று நினைக்கிறேன். மஹ்மூதிடம், அவனுக்கு ஆட்டமே வெறுத்துவிட்டது, வரமாட்டேன் என்கிறான் என்றேன். அவர் சரி என்றார். அடுத்த வாரம் கிரேனிலிருந்து ஒரு தகடு நழுவி விழுந்தது. ஆல்டோவின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள். அவன் கண் திறக்கும்போது பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

மஹ்மூது தொடர்ந்து தோற்றார், அனுப்பப்பட்டார். கெய்ரோவில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பதாகக் கேள்வி. அந்த வருடம் முடியும்வரை அணி என்னிடம் இருந்தது. பிறகு வந்த பொருளாதார நெருக்கடியில் அர்பாப் நொடித்துப்போய்க் கிளப்பை நிறுத்திவிட்டார். ஜெபிஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் இன்னும் இங்கேதான் நர்ஸாக இருக்கிறாள். ஆல்டோ குறும்பனையில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். எங்காவது என்னைக் கண்டால் ஜெபிஷா நின்று நன்றி சொல்வாள். கிளப்பிலிருந்து அவனைப் பார்க்க வந்தவன் நான் ஒருவன்தானே.

புதிய கோச்சை வெளியே தேடுகிறீர்கள் என்று சொன்னார்கள். எதற்கு வீண் அலைச்சல்? பையன்களை என்னைப்போல் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.