பதினேழாம் பக்கம், மூணாவது வரி

அத்த வுடும்மா, மாலை கீழ வுழுந்தா வுழுந்துட்டுப் போவுது. மூணு தபாவும் என் காதுலதான் மாட்டுச்சு. நாளைக்கு விழாவுல சுப்பராயன் சார் கழுத்துல கரெக்டா போட்டுடுமாம் அந்த ரோபோவோட இரும்புக் கை. அது வரைக்கும் அவருக்குப் பதிலா ஒத்திகைக்கு நான் ஒக்காரணும். ஒக்காந்தா அவரு ஒசரமும் என் ஒசரமும் ஒண்ணுன்னு விழாவ நடத்தற பிரவீனா மேடம்தான் கண்டுபுடிச்சாங்க. ஹவுஸ்கீப்பிங்ல சேர்ந்து பதினோரு வருசம் ஆவுது, இந்தக் கம்பெனியில என்னை ஒருத்தர் அளந்து பாத்தது இப்பதான்.

நான் சொன்னது இன்னா ஆச்சு? விழா மலர்ல பதினேழாம் பக்கம், மூணாவது வரி. அத்த எடுத்துரும்மா. பிரஸ்காரன் நாலு மணிக்கு வந்துடுவான்னியே, அதான் மாலையோட ஓடியாந்தேன்.

எந்த வரியா? நீ எழுதினதுதான. அவருடைய கணக்கில் இருந்த அடிப்படைப் பிழையால் முதல் சோதனை தோல்வியடைந்தது. உன் டேபிள தொடைக்கறப்ப படிச்சேன். எட்டாவது வரைக்கும் போயிருக்கேன்மா, தோல்வின்ற வார்த்தைக்கு எழுத்துக் கூட்ட வேணாம்.

சாரே கையெழுத்துப் போட்ட லெட்டர் ஃபைல்ல கீதா? தெரியும். டைப் அடிக்கிற ரூமுக்கு அத்த எடுத்துக்கினு போனதே நான்தான்.

ஆமா, அப்பவே அவருகிட்ட வேலை செஞ்சேன். தொண்ணூத்தி ஒண்ணு. மண்ணூரு பக்கம் பம்பு செய்ற கம்பெனி ஒண்ணு இருந்துச்சு, இப்ப அந்த எடத்துல லாரி நிக்குது. பின்னாடி ஷெட்டுல சாரு. வெளிநாட்டுல படிச்சவரு, மெஷினுக்கு யோசிக்கக் கத்துக் குடுக்கறேன்னு வந்தாரு. வார்ப்புல ஓட்டை கீதா, கீறல் கீதான்னு லைன் பொம்பளைங்க பாப்பாங்க இல்ல, அத்த ஒரு கேமரா பாத்துச் சொல்லணும். நல்ல பீஸ்னா பச்சை லைட்டு. ஆகாததுன்னா செவப்பு, கூடவே மணி அடிக்கும். நான் தினக்கூலி. ஷெட்ட கூட்டுவேன், பீஸ எடுத்து எடுத்து வெப்பேன்.

இன்னா சிரிப்பு சிரிச்சாங்கன்ற. டிவிக்குப் பாடம் எடுக்கற வாத்தியாருன்னு பேரு வெச்சாங்க. மனுசனுக்கு ஃபேன் இல்ல, மெஷினுக்கு ஏசியான்னு யூனியன்ல பேசுனாங்க. அந்த ஏசியில மதியானம் தூங்குனது நான்தான். சாரு எழுப்பமாட்டாரு, என்னைத் தாண்டிப் போயி வேலை செய்வாரு.

லைன்ல கங்கம்மான்னு ஒரு அம்மா. பீஸ கையில எடுத்த ஒடனே ஆகாதுன்னு சொல்லிடும். எப்படிம்மா கண்டுபுடிக்கறீங்கன்னு சாரு நோட்ட தூக்கினு போயி கேட்டாரு. பாத்தாலே தெரியுது சார்னுச்சு அது. அத்த அப்படியே எழுதிக்கினாரு. அந்த ஒரு வார்த்தைய மெஷினுக்குப் புரியவெக்க அவருக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

ஓடிச்சும்மா. அதத்தான சொல்ல வரேன். பூஜை லீவுக்கு முந்தின நாளு நாப்பது பீஸ் வெச்சோம், நாப்பதுக்கும் கரெக்டா சொல்லுச்சு. கங்கம்மா ரெண்டு தப்பு வுட்டுது. அன்னிக்கு சாரு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, சில்லறையே வாங்காம வந்துட்டாரு.

லீவு முடிஞ்சு மொத நாளு, டெல்லி ஆபீசருங்க வந்தாங்க. நாலு வருசத்துக்குப் பணம் குடுக்கறதா வேணாமான்னு பாக்க. நான் மொத பீஸ வெச்சேன். செவப்பு. ரெண்டாவது, செவப்பு. நல்லது, கெட்டது எல்லாத்துக்கும் மணி அடிக்குது. ஒரு ஆபீசரு தமாசுக்குத் தன் பேனாவ வெச்சாரு, ரிஜெக்டு. எங்க மேனேஜரு பதறிப்போயி நடுவுல கைய வுட்டாரு, அதுக்கும் மணி. இது மட்டும் சரியா சொல்லுதுன்னு பின்னாடி கங்கம்மா முணுமுணுத்துது.

இருவது நிமிசம். சாப்பாடு ஆறிடும்னு போயிட்டாங்க. எவன்னா கைய வெச்சிருந்தா இப்பவே சொல்லுங்க, இன்னிக்கே கேட்டுக்கு வெளியன்னு மேனேஜரு கத்துறாரு. சாரு மட்டும் கேமரா பெட்டிகிட்ட போயி குனிஞ்சாரு. எங்களுக்கு முதுகுதான் தெரிஞ்சுது. கர்ச்சீப்ப எடுத்தாரு, மடிச்சு பாக்கெட்டுல வெச்சாரு. திரும்பி நின்னு, யாரும் கைய வெக்கல, என் கணக்குதான் தப்புன்னாரு. அதான் உன் ஃபைல்ல கீற லெட்டரு.

அப்புறம் இன்னா, ஷெட்ட பூட்டி சார ஸ்டோர்ஸ்ல போட்டாங்க. இம்மாம் படிச்சவரு, ஆறு வருசம் நட்டு போல்ட்டு எண்ணுனாரு. அங்கருந்து ஒரு பாலிடெக்னிக்கு. ரிட்டயராயி குன்றத்தூர்ல வாடகை வூடு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப இன்னாடான்னா ஒரகடம் ரோடு முழுக்க பேனரு. சாரு போட்டோ, பக்கத்துல நீலக் கலர்ல ஒரு மூளை. முன்னோடியாம். போன மாசம் ஆபீஸ்ல ஒருத்தர் அவரு உயிரோட கீறாரான்னு என்கிட்டதான் கேட்டாரு.

எண்பத்திரண்டு வயசு ஆவுதும்மா அவருக்கு. நாளைக்கு வீல் சேர்ல வந்து மேடையில ஒக்காருவாரு, மடியில இந்த மலரு. பதினேழாம் பக்கத்த அவரு படிக்கக் கூடாது.

மறுபடியும் அதையே கேக்கற. கணக்குல தப்பு இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்னு. சரி, கதவ சாத்து.

அந்த லீவுல ஷெட்டு சாவி என்கிட்ட இருந்துச்சு. ஆயுதபூஜைக்கு கம்பெனியில சைக்கிள் டயருக்குக் கூட சந்தனம் குங்குமம் வெச்சாங்க, வாசல்ல தொடப்பத்துக்குக் கூட. சாருக்கு இதுலலாம் நம்பிக்கை இல்ல. அவரு புள்ள மாதிரி வளத்த மெஷினு, அது மட்டும் வெறும் நெத்தியா நிக்குதேன்னு மனசு கேக்கல எனக்கு. அதுக்கு நெத்தி எதுன்னும் தெரியல. ரெண்டு கண்ணுக்கு நடுவுலதான வெப்போம்? அதுக்கு இருந்ததே ஒரு கண்ணு, அதுலயே வெச்சுட்டேன்.

திங்கக்கெழம அந்த மணி நிக்காம அடிக்கறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாயத் தொறக்கல. எம்பொண்ணு பொறந்து இருவது நாளு. எல்லாரும் போனப்புறம் துணிய எடுத்துக்கினு தொடைக்கப் போனேன். கண்ணாடி பளிச்சுனு கீது. தொடச்சப்புறம் ஓடுச்சுன்னு சாரு காட்டியிருந்தா, எத்த தொடச்சீங்கன்னு கேட்டிருப்பாங்க இல்ல. சாரு கர்ச்சீப்புல ஓரத்துல செவப்பு. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு அவரு இதுநாள் வரைக்கும் என்னைக் கேக்கல.

எழுதிட்டது எழுதிட்டது, பக்கம் மாத்த முடியாதுன்னா வேணாம்மா. அவருடையன்னு கீது பாரு, அத்த மட்டும் அடிச்சுட்டு எம்பேரு போடு. மாரி. ரெண்டு எழுத்துதான், எடம் அடைக்காது.