கடலை மறைக்காத நினைவிடம்

கல்லுக்குள் கனிவையும் காற்றுக்குள் கட்டடத்தையும் கண்டவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் முதன்மைக் கட்டடக்கலைஞராய் விளங்கி, இன்று பணிநிறைவு காணும் பண்பில் உயர்ந்த ருக்மிணி அம்மையாரே! செங்கல்பட்டு ‘நிழல்வெளி’ கட்டடக்கலைக் கூடத்தார் நெகிழ்ந்து நீட்டும் பாராட்டு மடல் இது.

நினைவிடம் என்றாலே கம்பியும் கான்கிரீட்டும்தான் என்றிருந்த எங்களிடம், வேரும் இலையும்கூட நினைவைச் சுமக்கும் என்று வாதாடி வென்றவர் தாங்கள். வரைபடத்தில் மரத்துக்குப் பதில் வெறும் பச்சை வட்டம் போட்டு வந்து, “என்ன மரம் இது? பேர் கெடையாதா அதுக்கு?” என்று தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இந்த அரங்கில் ஒருவரும் இல்லை.

அவையோரே, அம்மையாரின் பெருமைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறோம். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், புயலுக்குப் பலியான பதினொரு மீனவர்க்கு நினைவிடம் எழுப்பினோம். ஆளுயரக் கருங்கல் சுவர், அதில் பதினொரு பெயர்கள் என்று வரைந்தவர் அம்மையார்தான். பெயர் வெட்ட மாமல்லபுரத்துச் சிற்பி உளியோடு வந்த அன்று, வேண்டா என்னும் பெயருடைய பெண் சுவர்முன் வந்து நின்றார். பத்துப் பேரின் உடல் கரை சேர்ந்திருந்தது. அவர் கணவர் ஆனந்தனின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.

“எம் புருசன் பேர வெட்டாதீங்க. அவரு செத்தத யாரு பாத்தது? இந்தச் சொவுரு வேற கடல மறச்சிகினு கீது. அவரோட போட்டு திரும்பி வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?”

அம்மையாருக்குச் சுருக்கென்றது. அந்த மணலில் பத்து முறை அளவெடுத்தவர், பெண்கள் படகு பார்த்து நிற்கும் இடத்தில் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. திறப்பு விழாவுக்கு ஒன்பதே நாள். ஒரு பெயரை விட்டுவிட்டு வேலையை முடிப்போம் என்று முணுமுணுத்தவர்கள் நாங்கள்தான். அம்மையாரோ, “தப்பு என்னோடது. செவுத்தப் பிரிச்சிடுங்க” என்றார். விழா தள்ளிப்போயிற்று, அவர் பெயரும் கொஞ்சம் கெட்டது. அவர் கலங்கவில்லை என்றால் அது பொய்.

சுவர்க் கற்கள் உட்காரும் பலகைகளாய்த் தாழ்ந்தன. குடும்பத்துக்கொரு புன்னைக் கன்று. கன்றுக்குக் கன்று கடல் தெரியும் இடைவெளி. பத்துக் கன்றுகள் நட்டாயிற்று. பதினோராவதான ஆனந்தனின் குழியில் கன்று நட அவர் மனைவி சம்மதிக்கவில்லை, மூடச் சொல்லவும் இல்லை. ஆறு ஆண்டுகளாக, மழைக்காலம் முடிந்ததும் அம்மையார் தாமே மண்வெட்டியோடு போய், தூர்ந்த குழியைத் தோண்டிச் சரிசெய்துவிட்டு வருவார். ஏன் நடவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற மாதம் வேண்டாவே அலுவலகம் தேடி வந்தார். “ஒரு கன்னு குடும்மா. பத்துப் பேரும் ஒண்ணா கீறாங்க. அவரு மட்டும் எத்தினி நாளு வெளிய நிப்பாரு?”

அம்மையார் அன்றே கன்றோடு உடன் போனார். இவர் பிடித்துக்கொள்ள, வேண்டா மண் தள்ளினார்.

அம்மையாரே! தாங்கள் பெற்ற விருதுகளின் பட்டியலை எழுதி வைத்திருந்தோம், கிழித்துப் போட்டுவிட்டோம். மணலில் நடக்கத் தங்கள் மூட்டுகள் மறுக்காதிருக்கட்டும், தொடுவானம்வரை கண் தெளிந்திருக்கட்டும், தூக்கம் தடையின்றி வரட்டும். நாளை முதல் தங்களுக்கு அலுவலகம் இல்லை. அந்தக் குழியைத் தோண்டும் வேலையும் இல்லை.

என்றும் தங்கள் அன்பில்,
‘நிழல்வெளி’ பணியாளர்கள்,
செங்கல்பட்டு.