ஆறாவது பன்னிலும் குறையாத திருப்தி

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! கற்றறிந்த பேராசிரியப் பெருமக்களே! முன்வரிசையை முந்திக்கொண்டு பிடித்த மூத்தோர்களே! பெற்ற பிள்ளை பேசுமா என்று பார்க்க வந்து, என்னைக் கேட்க நேர்ந்துவிட்ட தாய்மார்களே! பொருளியல் படித்தும் முகம் வாடாத மாணவச் செல்வங்களே! இஸ்திரிக் கடைக்காரனின் வணக்கம்.

"பெற்றோர் சார்பில் பேசப் பெருந்தகுதி படைத்தவர்" என்று என்னை அறிமுகம் செய்தார்கள். அந்தத் தகுதியைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். என் மகள் முதலாண்டு நுண்ணியல் பொருளியலில் தோற்றாள். மறுதேர்விலும் தோற்றால் கல்லூரியில் இடம் இல்லை. அப்போது அவளுடைய பேராசிரியர், என் கடைக்குத் துணி போடுபவர், இதோ மேடையில் இருக்கிறார், ஒரு வழி சொன்னார்: "ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிக் குடும்மா. அவருக்குப் புரிஞ்சா நீ பாஸ்."

ஒன்றுமே தெரியாதவர் யார்? வீட்டில் கூடி யோசித்தோம். மனைவி என்னைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், அன்றுதான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தவர், அவரும் என்னைப் பார்த்தார். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். கைதட்டாதீர்கள் ஐயா, வீட்டிலேயே தட்டிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இருக்கும் என் கடையிலேயே பாடம் ஆரம்பம். குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி! பெயரைக் கேட்டே எனக்கு மூச்சு வாங்கியது. ஒரே பொருளை அடுத்தடுத்துத் தின்னத் தின்ன, ஒவ்வொன்றும் தரும் திருப்தி முந்தியதைவிடக் குறையுமாம். சோதிக்க ஒரு பை நிறைய பன் வாங்கி வந்தாள். ஒவ்வொரு பன்னுக்கும் பத்துக்கு எத்தனை என்று நான் மார்க் போட வேண்டும்.

முதல் பன். "பத்து" என்றேன். வாடிக்கையாளர் காத்திருந்தார், ஒரு சட்டை தேய்த்தேன். இரண்டாவது பன். "பத்து." ஒரு பேன்ட் தேய்த்தேன். மூன்றாவது. "பத்து."

"அப்பா, குறையணும்ப்பா!"

"குறையலையே கண்ணு."

"கொஞ்சமாவது?"

"காலேஜ்ல படிக்கிற பொண்ணு, அப்பனைப் பொய் சொல்லச் சொல்றியே!"

பெரிய படுக்கை விரிப்பு ஒன்றைத் தேய்த்து முடித்து ஆறாவது. "பத்து. இடமிருந்தா பதினொண்ணு போட்டுக்கோ."

உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "அந்த வயித்துக்கு எந்தச் சட்டமும் செல்லாதுடி. கல்யாணமானதுலேருந்து பாக்குறேன்."

ஆன்றோர் ஆராய்ந்த விதி! அறிஞர் ஆமோதித்த விதி! அட்டை போட்ட புத்தகத்தில் அச்சேறிய விதி! அது என் வயிற்றில் வந்து வழுக்கி விழலாமா? விழுந்ததே! மகள் கண் கலங்கிவிட்டாள். "எனக்கு இது வராதுப்பா. படிப்பை நிறுத்திடுறேன்."

"சரிம்மா, இந்த ஒரு சட்டையை முடிச்சுட்டுப் பேசுவோம்" என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

அவள் அழுகை நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். "அப்பா! ஒவ்வொரு பன்னுக்கும் நடுவுல தேய்ச்சீங்களா?"

"பின்னே, கடைய மூடிட்டா திங்க முடியும்?"

"இடைவெளி விடாம சாப்பிட்டாத்தான்ப்பா விதி! நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு மறுபடி மறுபடி பசி வரவெச்சுட்டீங்க! புத்தகத்துல இருக்கு. மனப்பாடம்கூடப் பண்ணினேன். எதுக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு. பெட்டியை வைங்க. நிறுத்தாம சாப்பிடுங்க!"

வைத்தேன். சாப்பிட்டேன். ஏழாவது, எட்டு மார்க். எட்டாவது, நாலு. ஒன்பதாவது, பூஜ்யம். பத்தாவது பன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். விதி வென்றது!

தேர்வில் அந்தக் கேள்வி வந்ததா? வரவில்லை. வேறு எதையோ கேட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு விதியையும் "நீ எப்போது செல்லுபடியாவாய்?" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பாஸ்!

செல்வங்களே! விதி விளங்கவில்லையா? வெறுக்காதீர்கள்! விலகி ஓடாதீர்கள்! வீட்டில் விஷயம் தெரியாதவரைத் தேடிப் பிடியுங்கள். கேட்டு வாங்குங்கள் கேள்விகளை! அவர் தலை ஆடும்வரை நீங்கள் தளராதீர்கள்!

அழைத்தவர்களுக்கும், எழுந்து போகாதவர்களுக்கும் நன்றி. புழுக்கம் தாங்காமல் பேராசிரியர் கோட்டைக் கழற்றித் திரும்பி நாற்காலியில் மாட்டுகிறார். அரங்கம் சிரிக்கிறது. சார், இந்தச் சிரிப்பு என் பேச்சுக்கு அல்ல. அன்று மகள் பெட்டியை வைக்கச் சொன்னபோது, உங்கள் சட்டை மேல் வைத்துவிட்டேன். முதுகில் முக்கோணமாக ஒரு பழுப்புத் தடம் இருக்கிறது. மற்றபடி மடிப்பு கலையவில்லை.

வணக்கம்.