எனக்குப் பின்னால் யாரும் இல்லாத வரிசை

எனக்கு வரிசையில் நிற்பது பிடிக்கும். சிலருக்குக் கால் கடுக்கும், எரிச்சல் வரும். எனக்கு அப்படியில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வாரத்தில் ஐந்து நாள் லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று கம்பியையும் கிரீஸையும் பார்த்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை மதியம் தோக்கியோவின் அகிஹபாராவில், கீழ்த்தள அரங்கத்துக்கு இறங்கும் அந்தக் குறுகிய படிக்கட்டில் நாலு மனிதர்களோடு சேர்ந்து நிற்பதே எனக்கு விருந்து மாதிரி.

அங்கே ஐந்து பெண்கள் பாடி ஆடினார்கள். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். மீதி நால்வர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. ஐந்தாமவள் நாகிசா. ஊர் அகிதா. நகராட்சியில் கிடைத்த வேலையை உதறிவிட்டுப் பத்தொன்பது வயதில் தோக்கியோவுக்கு வந்தவள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. ஆடும்போது மற்றவர்களைவிட அரைத் தாளம் பிந்துவாள், பிந்தியது தெரிந்ததும் மேடையிலேயே தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவளுடைய ரசிகன், அதாவது அவளுடைய ஆள் ஆனேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம் உண்டு. குழுத் தலைவிக்குச் சிவப்பு, நாகிசாவுக்கு மஞ்சள். அவள் பாடும்போது அவளுடைய ஆட்கள் மஞ்சள் ஒளிக்குச்சியை ஆட்ட வேண்டும்.

படிக்கட்டின் அடியில் ஒகுமுரா-சான் என்கிற அம்மாள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான். "இன்னிக்கு யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" நாம் ஒரு பெயர் சொல்வோம். அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு ஜப்பானிய எழுத்து ஆகிவிடும், எங்கள் ஊரில் எண்ணுவது அப்படித்தான். யார் நடுவில் நிற்பது, யார் எத்தனை வரி பாடுவது, யார் மூட்டை கட்டுவது எல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் முடிவாகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் பெண்கள் சுவரோரம் தள்ளித் தள்ளி நிற்பார்கள். அவரவர் ஆட்கள் அவரவர் முன்னால் வரிசை கட்டி, கேமராவிலிருந்து உடனே வெளியே வரும் போட்டோ ஒன்றைச் சேர்ந்து எடுத்துக்கொண்டு, படம் தெளிகிற வரைக்கும் பேசலாம். பின்னால் ஆள் நின்றால் ஒரு நிமிடத்தில் தோளைத் தட்டி நகர்த்திவிடுவார்கள். பின்னால் ஆள் இல்லாவிட்டால் தட்ட மாட்டார்கள்.

முதல் வருடம் நாகிசாவுக்கு ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் வேலை மாற்றலாகிப் போனார், இரண்டு பேர் வேறு குழுவுக்குத் தாவினார்கள், இப்படியே தேய்ந்தது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. அவள் முன்னால் நான் ஒருவன்தான். அன்றைக்கு அவள் என்னோடு பன்னிரண்டு நிமிடம் பேசினாள்.

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிறவங்க உள்ள என்ன அண்ணா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பாங்க. உள்ள இருக்கிற போன்ல, என்கிட்ட."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்புறம்? நீங்க என்ன சொல்வீங்க?"

என் நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் என்னிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. முதல் கேள்வியோடு முடித்துக்கொள்வார்கள். அன்று ரயிலில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு புது ஆட்கள் வந்திருந்தார்கள். மஞ்சள் குச்சியை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது, பிறகு தோளில் தட்டு. "அடுத்த வாரம் பேசலாம் அண்ணா" என்றாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு ஆள் சேர்கிறது, நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு எரிந்தது.

அதற்கும் அடுத்த வாரம் படிக்கட்டில் எனக்குப் பின்னால் சகுமா என்கிற பெண் நின்றாள். சைதாமாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயதிருக்கும்.

"முதல் தடவை வர்றேன். நாகிசாவோட வீடியோ ஒண்ணு பார்த்தேன். தப்பா ஆடிட்டுச் சிரிப்பா பாருங்க, டூட்டி முடிஞ்சு அழுதுட்டு இருந்த நானும் சிரிச்சுட்டேன். கீழ போய் அவ பேரைச் சொன்னாப் போதும், இல்லையா?"

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. யோசித்து வைத்த பொய் இல்லை, தானாக வந்தது.

"சொல்லலாம். ஆனா ஒரு விஷயம். நாகிசாவுக்குப் புது ஆளுங்கன்னா பயம். முன்னாடி ஒருத்தன் ரொம்பத் தொல்லை கொடுத்திருக்கான். அதனால அவளைப் பிடிச்சவங்க கொஞ்ச நாளைக்குத் தலைவி பேரைத்தான் சொல்றது. சிவப்புக் குச்சியைப் பிடிச்சுக்கிட்டு, தலைவி வரிசையில நின்னு, தூரத்துல இருந்து பார்க்கிறது. அவளே பழகினதும் நான் சொல்றேன்."

சகுமாவின் முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம். நல்ல வேளை சொன்னீங்க" என்று எனக்குத் தலை குனிந்து நன்றி சொன்னாள். கீழே போய்த் தலைவியின் பெயரைச் சொன்னாள்.

அதற்கு முந்தின வாரம் வந்த இருவரிடமும் அன்றே சொன்னேன். பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மஞ்சள் குச்சி கண்ணில் பட்டால் போதும், பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். எங்கள் ஊரில், வரிசையில் பழைய ஆள் ஒருவன் இதுதான் இங்கே வழக்கம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அதோடு, அவர்கள் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார்கள், நேரே அவள் முன்னால் போய் நின்றிருப்பார்கள். இரண்டு வருடத்தில் மொத்தம் நாற்பத்தொரு பேர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், அக்கா தங்கை இருவர், டோஃபு கடைக்காரர் ஒருவர். எல்லோரும் சிவப்புக் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒகுமுரா-சான் தாளில் நாகிசாவுக்கு நேரே எப்போதும் ஒரே ஒரு கோடு. அது நான்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் முடியை வெட்டிக்கொண்டாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள், கன்னம் ஒட்டிப்போனது. அரைத் தாளம் பிந்துவதுதான் குறை என்று நினைத்துக் கால் வீங்க வீங்கப் பயிற்சி செய்து அதைச் சரிசெய்துவிட்டாள். அதோடு அந்தச் சிரிப்பும் போயிற்று. மேடையில் ஓரத்துக்குத் தள்ளினார்கள், பாடிக்கொண்டிருந்த இரண்டு வரியையும் பிடுங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை தோறும் அவள் முன்னால் நான் ஒருவன் நின்று பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். முழங்காலுக்கு ஒட்டும் மருந்துப் பட்டை வாங்கிப் போனேன். "நான் இருக்கேன்ல" என்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவாள். அந்தச் சமயங்களில் எனக்குக் கிடைத்த நிறைவை இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது கூசவில்லை.

போன நவம்பரில் அவளுக்கு இருபத்து மூன்றாவது பிறந்தநாள். அதற்கு மூன்று வாரம் முன்னால் குழுவின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, பிறந்தநாள் ஆட்டத்தன்று உன் பெயருக்கு முப்பது கோடு விழவில்லை என்றால் ஊருக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டார்.

"முப்பது பேர் வேணுமாம் அண்ணா" என்றாள் என்னிடம். "நீங்க அன்னிக்கு முப்பது தடவை படி ஏறி இறங்கி வர்றீங்களா? தொப்பி, கண்ணாடி எல்லாம் நான் தர்றேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தேன். பிரிக்காமலே திரும்பி வந்துடுச்சு."

அவளைக் காப்பாற்ற நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை. சொல்லிவிடுவது என்று தினமும் முடிவு செய்தேன்.

பிறந்தநாள் ஏற்பாடெல்லாம் ரசிகர்கள்தான் செய்ய வேண்டும், அது வழக்கம். அவளுக்கு ரசிகர் குழு என்றால் நான்தான். அரங்கம் முழுக்க மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்று நூறு குச்சி வாங்கியிருந்தேன். அந்தப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

படிக்கட்டில் நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, பிறந்தநாள் என்று அவரவராகத் தெரிந்து வந்தவர்கள். சகுமா என்னிடம் வந்தாள். சட்டையில் சின்னதாக ஒரு மஞ்சள் ரிப்பன் குத்தியிருந்தாள்.

"ஷினோதா-சான், இன்னிக்கு ஒரு நாளாவது அவ பேரைச் சொல்லிக்கலாமா? நாங்க கிட்டப் போக மாட்டோம். பேரை மட்டும்."

மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் டிரைவர், "நீங்க சரின்னா சரிதான்" என்றார். அவர்கள் நாகிசாவின் பெயரைச் சொன்னால் அவள் மேடையில் நிலைத்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை அவள் முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள். எனக்கு ஒரு நிமிடம், பிறகு தோளில் தட்டு.

"அவ ஏற்கனவே உள்ள நடுங்கிட்டு இருக்கா" என்றேன். "இன்னிக்கு வேணாம்."

சகுமா ரிப்பனைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒவ்வொருவராக இறங்கிப் போய்த் தலைவியின் பெயரைச் சொன்னார்கள். ஒகுமுரா-சான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

நாகிசா தனியாகப் பாட அவளுக்கு ஒரு பாட்டு கொடுத்திருந்தார்கள். அரங்கம் முழுக்கச் சிவப்பு, என் கையில் மட்டும் மஞ்சள். அவள் முழுப் பாட்டையும் என்னைப் பார்த்தே பாடினாள். முடிந்ததும் மேடையிலேயே மற்ற நால்வரிடமும் திரும்பி, இடுப்பு வரை குனிந்து, "இத்தனை நாள் உங்களுக்குப் பாரமா இருந்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாள்.

கடைசியாக அவள் முன்னால் நின்றபோது கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க அண்ணா. நான் அவ்வளவு மோசமா?"

பதில் முப்பத்தெட்டுப் பேராக எனக்குப் பின்னாலேயே, தலைவியின் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டிக் காட்டியிருக்கலாம்.

"எனக்கு நீ போதும்" என்றேன்.

"அப்போ ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் என் தோளைத் தட்டவில்லை.

புது வருடத்துக்கு அகிதாவிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய பூவோடு இருந்த என் முகவரியைக் குறித்து வைத்திருக்கிறாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாளாம். இனிமேல் எங்கேயும் பாட மாட்டாளாம், தன்னால் யாருக்கும் பிடிக்கும்படி இருக்க முடியாது என்று புரிந்துவிட்டதாம். "என்னை விரும்பிய ஒரே ஒருவருக்கு" என்று ஆரம்பித்திருந்தாள். தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன்.

பிப்ரவரியில் சகுமாவை ரயில் நிலையத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "அன்னிக்கு நாங்க அவ்வளவு பேர் வந்திருக்கக் கூடாதோ? கூட்டத்தைப் பார்த்துப் பயந்துதான் போயிட்டாளா?" தங்களால்தான் அவள் போனாள் என்று அவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உங்க தப்பு இல்ல" என்றேன். அதற்கும் நன்றி சொன்னாள். அப்போதுதான் எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாதது போல் ஆயிற்று. அங்கிருந்து நேரே பக்கத்துப் போலீஸ் சாவடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இளம் போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார், டீ கொடுத்தார். "வரிசையில நின்னு பொய் சொன்னீங்கன்னு நான் என்ன சார் கேஸ் எழுதுறது? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றார்.

யாரும் எழுதிக்கொள்ளாததால் நானே எழுதுகிறேன். செய்தது நான்தான். ஒரு பெண்ணை நாற்பத்தொரு பேர் விரும்பினார்கள், அது அவள் காதில் விழாமல் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன். அவளுடைய பாட்டை, சிரிப்பை, ஊரை எதிர்த்துக்கொண்டு வந்த தைரியத்தைப் பறித்தது நான்தான். இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம், நான் அதற்குத் தகுதியானவன்தான்.

ஒரு பிரதியை அவளுக்கும் அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். உறையில் முகவரிகூட எழுதிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர் என்று திடீரென்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். புது ஆட்கள் என்றால் அவளுக்குப் பயம்.