குச்சி விழுந்த சத்தம்

அய்யய்யோ, அதப் பிச்சு இழுக்காதீங்க சார்! சுண்ணாம்பும் சேந்து வந்துரும். முட்டை அட்டைதான், செவுரு பூரா நான் ஒட்டினது. சத்தம் வெளிய போகாதுன்னு எவனோ சொன்னான், நம்பினேன். சத்தமும் போச்சு, பக்கத்து வீட்டுக்காரரோட பேச்சுவார்த்தையும் போச்சு. நீங்க காரு நிறுத்தத்தானே ஷெட்டு கேக்குறீங்க? தாராளமா நிறுத்துங்க. இங்க கெட்டு குட்டிச்சுவராப் போறதுக்கு நாங்க ஒரு குரூப்பு போதும்.

ராக் குரூப்பு சார். சிரிக்காதீங்க. மூணே பேரு. கிதாரும் பாட்டும் நான். டிரம்ஸு என் மச்சினன், வீட்டுக்காரியோட தம்பி. பேஸ் கிதாரு ஒரு பல் டாக்டரு, மச்சினனுக்குப் பள்ளிக்கூடத்து தோஸ்து. குரூப்பக் கெடுத்ததே அந்த டாக்டர்தான், அத அப்புறம் சொல்றேன். பேரு 'ஆயில் கறை'. கீழ பாருங்க, இப்ப நிக்கிறீங்களே, அந்தக் கறைதான்.

எனக்குப் பழசுமேல பைத்தியம் சார். நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு மாதிரியே இருக்கணும். டேப் ரெக்கார்டரு, ஒரே மைக்கு, மூணு பேரும் ஒண்ணா வாசிக்கணும், ஒரே டேக்கு. தப்பு விழுந்தா விழுந்ததுதான், கம்ப்யூட்டர்ல கை வெக்கக் கூடாது. சட்டம் போட்டது யாரு? ஐயாதான்! நாப்பத்திரெண்டு வயசுல, தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு, இறுக்கமா ஒரு ஜீன்ஸு வேற... உக்காந்தா எந்திரிக்க ஆளு வேணும்.

மொதப் பாட்டு பதிவு பண்றப்ப, என் வீட்டுக்காரி சமையக்கட்டுலேருந்து "கேஸ் தீந்துபோச்சு!"ன்னு கத்திட்டா. சட்டம் சட்டம்தானே, அப்படியே விட்டோம். அதுதான் சார் பிச்சுக்கிட்டுப் போச்சு! ரேடியோல போட்டாங்க. காலேஜ் மைதானத்துல ஐந்நூறு பேரு, அந்த எடம் வந்ததும் ஒரே குரல்ல "கேஸ் தீந்துபோச்சு!" நான் ராப்பகலா ஒக்காந்து எழுதுன வரி ஒருத்தனுக்கும் தெரியல.

அப்புறம் என்ன, தலைக்கனம்தான். ரெண்டாவது ஆல்பம். டாக்டரு பாவம், "ஒரு எடத்துல சுதி தப்பிட்டேன், அத மட்டும் திருப்பி வாசிக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. விட்டேனா? "இதென்ன சொத்தப் பல்லா, அடைச்சு மூட?"ன்னு மச்சினன் முன்னாடியே ஏறிட்டேன். மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு.

ஆல்பம் வெளிய வந்துச்சு. மச்சினன் கேட்டுட்டு ஓடி வந்தான். "மாமா, மூணாவது பாட்டுல என் குச்சி கை நழுவி விழுந்துச்சே, அந்தச் சத்தம் எங்க?" காணோம். எவனோ கம்ப்யூட்டர்ல போட்டு வழிச்சு எடுத்துருக்கான். திருத்தணும்னு கேட்டவரு யாரு? டாக்டரு. அவ்வளவுதான்! பதினெட்டு வருஷ சிநேகம் சார், ஒரே நாள்ல முறிஞ்சுது. தன் கல்யாணத்துக்குக்கூட அவரக் கூப்பிடல இவன்.

ஆ? டாக்டர்தான்னு யாரு சொன்னதுன்னா கேக்குறீங்க...? நான்தான் சொன்னேன். "டாக்டரா இருக்கும்டா"ன்னேன். இருக்கும்னுதான் சொன்னேன் சார்!

...அதே பாட்டுல, கடைசில மேல போறப்ப, என் தொண்டை கீச்சுன்னுச்சு. எலி மாதிரி. மைதானத்துல ஐந்நூறு பேரும் அதையே கீச்சுவாங்களேன்னு பயம். யாருக்கும் தெரியாம டேப்பத் தூக்கிக்கிட்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். என் கீச்ச மட்டும் எடுங்கன்னேன். அந்தப் புண்ணியவான், "மொத்தத்தையும் சுத்தம் பண்ணிட்டேன் சார்"ங்கறாரு! குச்சியும் அதோட போச்சு. நான்தான்டா பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். வாய் வரல சார். அசிங்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

என்ன சார், எனக்குப் பின்னாடியே பாக்குறீங்க... எங்க கெளம்பிட்டீங்க? வாடகையே பேசலையே! சார்!

டேய்... எப்படா வந்தே? டிரம்ஸ எடுத்துட்டுப் போகவா? ...எல்லாத்தையும் கேட்டுட்டியா. திட்டுடா, வாங்கிக்கிறேன். போன எதுக்கு எடுக்குற? அவருக்கா? இன்னும் அந்த நம்பர நீ அழிக்கலயா? இரு, இங்க குடு. மொதல்ல நான் பேசுறேன்.

டாக்டரே, வெச்சிராதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. டேப்பக் கொண்டுபோய்க் குடுத்தது நான். பழிய உங்க மேல போட்டதும் நான்தான்... ஆமா, பக்கத்துலதான் நிக்கிறான். அழுவுறான் டாக்டரே.

இந்தாடா. பேசு.