காலையில் எடுத்த மாதிரிகள்

இந்த அறைக் கடிகாரம் கொஞ்சம் பிந்தி ஓடுகிறது, கவனித்தீர்களா? பரவாயில்லை. தினமும் ஒரே அளவு பிந்துகிற கடிகாரத்தை நம்பலாம். ஒருநாள் முந்தி ஒருநாள் பிந்தினால்தான் தொல்லை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். வேலையில்லாமல் அலைந்தவரை எங்கள் பிரேக் குழாய்த் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவன் நான். உற்பத்தி மேலாளர்வரை உயர்ந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குழாயின் முனையை ஓர் இயந்திரம் இறுக்கும். காலையில் அச்சைச் சரிசெய்வார்கள். சூடேற ஏற அதன் பிடி தளரும். எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது. அதனால் மணி எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, வந்த நேரத்தில் போய் மாதிரி எடுப்பேன். இறுக்கத்தை அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பேன். புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கினால் இயந்திரத்தை நிறுத்துவேன். அந்த அதிகாரம் என்னிடம் இருந்தது.

உற்பத்தி ஏன் குறைகிறது என்று ஒருநாள் கூட்டத்தில் முதலாளி கேட்டார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

“மச்சானுக்குப் பயந்த சுபாவம் சார். ஒரு புள்ளி லேசா இறங்கினாக்கூட மெஷினை நிறுத்திடுவாரு. அவரு கை வைக்காம இருந்தாலே போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆளாக்கிவிட்டவர் வாயிலிருந்து அது வந்தது. வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். அன்றே அதிகாரம் அவர் கைக்குப் போய்விட்டது.

நான் சண்டை போடவில்லை. சீட்டுக் குலுக்குவதை மட்டும் விட்டுவிட்டேன். தினமும் காலையில், அச்சைச் சரிசெய்த கையோடு போய் மாதிரி எடுத்தேன். ஓர் எண்கூடப் பொய்யில்லை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். வரைபடம் அத்தனை அழகாக வந்தது. மாப்பிள்ளை ஒன்றைச் சட்டம்போட்டுத் தன் அறையில் மாட்டினார். மற்றவற்றில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாலையில் இறுக்கிய குழாய்களை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அவை பள்ளி வேன்களுக்குப் போகின்றன என்பது எனக்குத் தெரியும். தங்கை மகள் அப்படியொரு வேனில்தான் போகிறாள் என்பதும் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தளர்ந்த குழாய் அவள் வண்டிக்கே வந்து சேர வாய்ப்பு மிகமிகக் குறைவு. வேறு வீட்டுப் பிள்ளைகள் போகும் வண்டிக்குத்தான் போகும் என்று வந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

இறக்கத்தில் வேனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இறந்தவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் நீங்கள்தான் படித்தீர்கள். “மாமா, மாமா” என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். மாப்பிள்ளை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று தங்கை இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் துரோகம் செய்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கூடப்பிறந்தவளே இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை.