வாசலில் நிற்பவரின் பெருவிரல்

தம்பி: மனுஷ குலம் தோன்றின நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும், எந்த உருப்படியான காரியமும் போன்ல நடந்ததில்லக்கா. இதை நான் நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்.

அக்கா: யோசிச்சு முடிச்சுட்டியா, இன்னும் பாக்கி இருக்கா?

தம்பி: போன்ல என்ன பண்றாங்க? பூனை பார்க்கிறாங்க. சண்டை போடுறாங்க. 'சாப்பிட்டியா'ன்னு கேட்கிறாங்க. ஒரு வெப்சைட்டைப் பார்க்கணும்னா மனுஷன் நாற்காலியில உக்காரணும். முதுகை நிமித்தணும். பெரிய திரை முன்னாடி ஒரு மரியாதையோட…

அக்கா: டேய். நாம நடத்துறது பூட்டுக் கடை.

தம்பி: அதுக்கென்ன? பூட்டுக்கு மரியாதை கிடையாதா?

அக்கா: நம்ம சைட்டை யாரு தேடி வருவாங்க? சாவியை உள்ள வெச்சுட்டுக் கதவைச் சாத்தினவங்க. அவங்க எங்க நிப்பாங்க?

தம்பி: வெளிய.

அக்கா: அவங்க கம்ப்யூட்டர் எங்க இருக்கும்?

தம்பி: உள்ள. ஆனா அது அவங்க திட்டமிடல்ல இருக்கிற குறை. அதுக்கு நான் பொறுப்பாக முடியாது.

அக்கா: 'பக்கத்துல பூட்டு திறக்கிறவங்க'ன்னு தேடினா, போன மாசம் நாம மூணாவது. இன்னைக்குக் காலையில ஒன்பதாவது. இன்னும் கொஞ்சம் இறங்கினா அடுத்த பக்கம். அடுத்த பக்கத்துக்கு நீ என்னைக்காவது போயிருக்கியா?

தம்பி: அங்க கூட்டம் இல்லாம அமைதியா இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்.

அக்கா: வாயைப் பாரு. தேடுற இடத்துல இப்போ சைட் போன்ல எப்படித் தெரியுதுன்னு பார்த்துத்தான் வரிசை போடுறாங்களாம். பெரிய திரையில எவ்வளவு அழகா இருந்தாலும் அவங்க அந்தப் பக்கமே திரும்பறதில்லையாம்.

தம்பி: யாரு சொன்னா?

அக்கா: அவங்ககிட்டேர்ந்தே மெயில் வந்துச்சே. எழுத்து சின்னது, பட்டனெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, பக்கம் திரையைத் தாண்டி ஓடுதுன்னு. உனக்கும் அனுப்பினேன்.

தம்பி: படிச்சேன். நடை சரியில்ல.

அக்கா: நடை சரியில்லையா!

தம்பி: ஒரு குறை சொல்றதா இருந்தாலும் கொஞ்சம் சுவையா சொல்லலாம்ல.

அக்கா: நேத்து முழுக்க இந்தக் கடைக்கு ஒரே ஒரு போன் வந்துச்சு. எடுத்தா, 'உங்களுக்கு இன்ஷூரன்ஸ் வேணுமா மேடம்'னு கேக்குறான். எனக்கு வேலை தெரியாதா? எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் கதவுல ஒரு கீறல் விழாம திறப்பேன். ஆனா அவங்க என்கிட்ட வந்து சேரணுமே! பூட்டு திறக்க எல்லாரும் அந்த மஞ்சள் வண்டிக்காரரைக் கூப்பிடுறாங்க. அவர்தான் இப்போ முதல் இடம்.

தம்பி: அவர் சைட்டைப் பார்த்திருக்கியா? வெள்ளையா ஒரு பக்கம், ஒரு நம்பர், ஒரு பட்டன். தெருவுல கொடுக்கிற நோட்டீஸ் மாதிரி. நம்மளோடது காவியம்க்கா! மெனு மேல மவுஸை வெச்சா சாவி சுத்தும். பூட்டு திறக்கும். உள்ளேர்ந்து நம்ம சேவைகள் ஒவ்வொண்ணா தலைகாட்டும். இதைப் போய் போன்ல பார்க்கிறது, சாவித் துவாரம் வழியா சினிமா பார்க்கிற மாதிரி.

அக்கா: அந்த நோட்டீஸ்காரர் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கார், தெரியுமா?

தம்பி: …என்னது?

அக்கா: 'கடையை மூடிட்டு என்கூட வந்துடும்மா. ஒரு வண்டியை உன்கிட்டயே விட்டுடுறேன்'னார். மஞ்சள் சட்டையெல்லாம் அவங்களே தைச்சுக் கொடுப்பாங்களாம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்.

தம்பி: உனக்கு மஞ்சள் எடுக்காதுக்கா.

அக்கா: இதுதான் நீ சொல்ற பதிலா?

தம்பி: இல்ல… கடையை எப்படி… நீ பார்த்துப் பார்த்து வெச்ச கடை…

அக்கா: சரி விடு. வாசல்ல நம்ம பேர்ப் பலகை கோணலா நிக்குது. கொஞ்சம் நிமித்து.

தம்பி: இதுவா? நேராத்தானே இருக்கு.

அக்கா: ஒரு அடி பின்னால தள்ளி நின்னு பாரு.

தம்பி: நேராத்தான் இருக்… அக்கா? அக்கா! கதவை ஏன் சாத்துறே?

அக்கா: பூட்டியாச்சு. இப்போ நீ வாடிக்கையாளர். உன் பை உள்ள. லேப்டாப் உள்ள. கையில போன் மட்டும். நம்ம சைட்டுக்குப் போய், என் நம்பரைக் கண்டுபிடிச்சு, என்னைக் கூப்பிடு. அடுத்த நொடி கதவு திறக்கும்.

தம்பி: உன் நம்பர் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும்.

அக்கா: வாடிக்கையாளருக்குத் தெரியாது. தேடு.

தம்பி: சின்னப் புள்ளத்தனமா இருக்கு. சரி… இதோ. பார்த்தியா? திறந்துடுச்சு. பிரமாதமா வந்திருக்கு. கொஞ்சம்… சின்னதா.

அக்கா: எவ்வளவு சின்னதா?

தம்பி: கோடு கோடா தெரியுது. எழுத்துன்னு நம்பணும்.

அக்கா: பெருசாக்கு.

தம்பி: ஆக்கிட்டேன். இப்போ ஒரு சாவியோட பல்லு மட்டும் தெரியுது. வலது பக்கம் போறேன்… போறேன்… இன்னும் சாவிதான்.

அக்கா: அவசரமே இல்ல. நிதானமா போ. வெளிய மழை இல்லையே?

தம்பி: குத்தாதே. நம்பர் வந்துடுச்சு! தொடுறேன்… ம்.

அக்கா: என்ன 'ம்'?

தம்பி: அது படம். நம்பரை நான்தான் தங்க எழுத்துல வரைஞ்சு வெச்சேன். தொட்டா கூப்பிடாது.

அக்கா: மெனுவுக்குப் போ. 'தொடர்புக்கு'ன்னு ஒண்ணு இருக்கே.

தம்பி: தொட்டேன். சாவி சுத்தல.

அக்கா: மவுஸை மேல வெச்சாத்தானே சுத்தும்?

தம்பி: தெரியும். விரலை லேசா மேல மிதக்க விட்டுப் பார்க்கிறேன், இரு.

அக்கா: மிதக்க விடு, மிதக்க விடு.

தம்பி: ஐயோ… 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்'னு ஒரு பெட்டி வந்து எல்லாத்தையும் மறைச்சுடுச்சு.

அக்கா: மூடு அதை.

தம்பி: மூடுற குறி திரைக்கு வெளிய எங்கயோ இருக்கு.

மாடிவீட்டுக்காரர்: என்ன தம்பி, வாசல்ல நின்னு போன்ல கோலம் போட்டுக்கிட்டிருக்கே?

தம்பி: ஒண்ணுமில்ல சார். ஆராய்ச்சி.

மாடிவீட்டுக்காரர்: கதவு பூட்டிக்கிச்சா? பூட்டுக் கடை வாசல்லயேவா!

தம்பி: உள்ள அக்கா இருக்காங்க சார். நீங்க மேல போங்க.

மாடிவீட்டுக்காரர்: உள்ள இருக்கவங்களாலயும் திறக்க முடியலையா? அடப்பாவமே. அந்த மஞ்சள் வண்டிக்காரரைக் கூப்பிடட்டா? என் போன்ல தேடினா முதல்ல அவர்தான் வர்றார். ஒரு தட்டு தட்டினா போதும்.

தம்பி: தெரியும் சார். கீழ நடுவுல பச்சைப் பட்டன். தட்டின உடனே 'வண்டி கிளம்பிடுச்சு'ன்னு வரும். வண்டி எந்தத் தெருவுல வருதுன்னுகூட காட்டும். வேணாம் சார்.

மாடிவீட்டுக்காரர்: எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கே. கெட்டிக்காரன். வர்றேன்ப்பா.

அக்கா: …டேய்.

தம்பி: சார் போயிட்டார்க்கா. திற.

அக்கா: வண்டி எந்தத் தெருவுல வருதுன்னு எப்போ காட்டும்?

தம்பி: எதிரியைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்ல…

அக்கா: நானும் அந்தச் சைட்டைப் பார்த்திருக்கேன். சும்மா பார்க்கிறவங்களுக்கு அதெல்லாம் காட்டாது. கூப்பிட்டவங்களுக்குத்தான் காட்டும். எப்போ கூப்பிட்டே?

தம்பி: போன வாரம். ரூம் சாவியை உள்ள வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டேன்.

அக்கா: கூடப்பொறந்தவ பூட்டுக்காரி. நீ கூப்பிட்டது அவரை.

தம்பி: உன்னைக் கூப்பிட்டா, என் கல்யாணத்துல மேடையேறி மைக்ல சொல்வே.

அக்கா: இப்பவும் சொல்லத்தான் போறேன்.

தம்பி: அதுவும் அன்னைக்குக் காலையிலதான், போன் வெச்சிருக்கிறவன் எல்லாம் வாடிக்கையாளரே இல்லன்னு உன்கிட்ட அரை மணி நேரம் பேசியிருந்தேன்.

அக்கா: ஞாபகம் இருக்கு. நல்லாத்தான் பேசினே.

தம்பி: சிரிக்கிறியா? உனக்குக் கோவமே வரலையா?

அக்கா: எனக்கு முன்னாடியே தெரியும்டா. 'உங்க தம்பி ரூமை நான்தாம்மா திறந்தேன்'னு அவரே சொன்னார். சொல்லிட்டு அரை நாள் சிரிச்சார். அதுக்கப்புறம்தான் வேலைக்கு வர்றியான்னே கேட்டார்.

தம்பி: …சாயங்காலம் என்ன சொல்லப் போறே?

அக்கா: சாயங்காலம் எதுக்கு? காலையிலேயே சொல்லிட்டேன். மஞ்சள் எனக்கு எடுக்காதுன்னு.

தம்பி: எதை நம்பிக்கா அப்படிச் சொன்னே? நாம ஒன்பதாவது இடத்துல இருக்கோம்.

அக்கா: உன்னை நம்பித்தான். பூட்டின கதவுக்கு வெளிய ஒரு தடவை நின்னவன் எப்படியும் மாத்துவான். கௌரவம் இறங்க மட்டும் கொஞ்சம் நாளாகும். அதான் இன்னொரு தடவை நிக்க வெச்சேன்.

தம்பி: …

அக்கா: என்ன, சத்தத்தைக் காணோம்? கோச்சுக்கிட்டியா? டேய், சரி சரி. திறக்கிறேன், இரு.

தம்பி: திறக்காதே. ஒரு நிமிஷம். உன் போன்ல நம்ம சைட்டைத் திற.

அக்கா: எதுக்கு, சாவியோட பல்லைப் பார்க்கவா?

தம்பி: திறயேன்.

அக்கா: ம்… இது என்ன… கண்ணாடி போடாமலே படிக்க முடியுதே! அந்த வரவேற்புப் பெட்டி எங்கடா?

தம்பி: இதுவரைக்கும் வரவேற்றது போதும்னு எடுத்துட்டேன். கீழ 'கூப்பிடு'ன்னு ஒரு பட்டன் இருக்கா? ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டே பெருவிரலை நீட்டிப் பாரு. எட்டுதா?

அக்கா: எட்டுது. தொட்டா என் நம்பருக்கே போகுது… சாவி சுத்துறதையும் எடுத்துட்டியா?

தம்பி: பெரிய திரையில பார்த்தா மட்டும் சுத்தும். அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். வரிசையில நாளைக்கே ஏறிட மாட்டோம்க்கா, கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனா ஏறுவோம்.

அக்கா: ஏறுவோம், ஏறுவோம். அது இருக்கட்டும். இது நின்ன இடத்துல முடிக்கிற வேலை இல்லையே? லேப்டாப்பும் இங்க என் மேஜை மேலதான் இருக்கு. எப்போடா செஞ்சே இதை?

தம்பி: போன வாரம், மஞ்சள் வண்டி வர்ற வரைக்கும் படிக்கட்டுல சும்மாதானே உக்காந்திருந்தேன்… அப்போ ஆரம்பிச்சேன். அப்புறம் தினம் பஸ்ல வரும்போது கொஞ்சம் கொஞ்சமா. வெளியிடுற பட்டனை மட்டும் அழுத்தாம வெச்சிருந்தேன், இப்போதான் அழுத்தினேன்… எல்லாமே போன்லதான்க்கா.